அஷூ வளர்ந்த விதம்

கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு நூடுல்ஸ் கடைக்கு மேலே, இரண்டு அறைகளில் தொடங்கியதுதான் அஷூ. அஷூ என்றால் கிர்கிஸ் மொழியில் மலைக் கணவாய். அரசு எந்த இணையதளத்தை மூடினாலும், கைபேசியில் இந்தச் செயலி இருந்தால் சுற்றுவழியாகப் போய்விடலாம். யார் எங்கே போனார் என்று ஒருவருக்கும் தெரியாது. இயந்திரங்களைக் கவனித்தவள் ஆய்ஜமால். ஆட்களைக் கவனித்தவன் அவள் கணவனின் தம்பி தாலந்த். இருவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. குடும்ப விருந்தில் அவள் ஊற்றித் தந்த தேநீரை அவன் தொட்டதேயில்லை. ஆனால் அவன் வாயும் அவள் மூளையும் சேர்ந்தால்தான் பிழைப்பு ஓடும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஒவ்வொரு தடைக்கும் அஷூ பெருத்தது. ஒரு செய்தித்தளத்தை மூடினார்கள்; மாணவர்கள் வந்தார்கள். பாட்டும் ஆட்டமுமாக இருந்த காணொளிச் செயலியை மூடினார்கள்; நகரமே வந்தது. பிறகு போட்டி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக முடங்கின. அஷூவை மட்டும் யாரும் தொடவில்லை. "நம்ம இன்ஜினியரிங் அப்படி" என்று தாலந்த் மேடைகளில் சொன்னான். ஆய்ஜமாலும் நம்பினாள். தன் வேலையைப் புகழ்ந்தால் யாருக்குக் கசக்கும்?

ஒரு வசந்த காலத்தில் புருல்சுன் என்ற பள்ளி ஆசிரியை நேரே அலுவலகத்துக்கே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பள்ளிக்கூட நிலத்த வித்ததப் பத்தி பேர் போடாம எழுதினேன். உங்க வழியாத்தான் போட்டேன். நேத்து என்னை விசாரணைக்குக் கூப்பிட்டு, என்னைக்கு எந்தத் தளத்துக்குப் போனேன்னு ஒண்ணு விடாம சொல்றாங்க. எப்படித் தெரியும்?"

தாலந்த் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "டீச்சருங்க கூடினா சும்மாவா இருப்பீங்க? நீங்களே எங்கயாவது உளறியிருப்பீங்க."

"என் வேலை போச்சு தம்பி. உனக்குச் சிரிப்பு வருது."

அவர் போன பிறகு ஆய்ஜமால் சர்வர்களைத் திறந்து பார்த்தாள். எதையும் சேமிக்காத இயந்திரத்தில் சேமிப்பு வட்டு நிரம்பக் கூடாது. நிரம்பியிருந்தது. யார், எப்போது, எங்கே போனார் என்பதெல்லாம் அதில் கிடந்தது. தினமும் ஒரு நகல் வெளியே போய்க்கொண்டிருந்தது.

தாலந்தின் அறைக்குள் கதவைத் தட்டாமலேயே நுழைந்தாள்.

"யாருக்குக் குடுக்கிற?"

"கேக்கிறவங்களுக்கு. மத்தவனெல்லாம் ஏன் செத்தான், நாம ஏன் உசிரோட இருக்கோம்னு நெனச்சீங்க அண்ணி? உங்க கெட்டிக்காரத்தனமா?"

"அந்தப் பொம்பளை வேலைய நீ தின்னிருக்க."

"நீங்களும்தான் தின்னீங்க. ருசியாத்தான இருந்துச்சு? போய் வேலையப் பாருங்க. இல்லேன்னா மெலிஸ் அண்ணன்கிட்ட கேளுங்க, அவருக்குத் தெரியும்."

கணவனை அழைத்தாள். மெலிஸ் மறுக்கவில்லை. "குடும்பத்துக்காகத்தான், ஆய்ஜமால்" என்றான். அவள் போனை வைத்தாள்.

எல்லாப் பயனர்களுக்கும் ஒரே சமயத்தில் அறிவிப்பு அனுப்பும் உரிமை அவளிடம்தான் இருந்தது. கணினி முன் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள்: 'அஷூ உங்களைக் கண்காணிக்கிறது. உடனே நீக்குங்கள். இதைச் சொல்பவள் இதைக் கட்டியவள்.' அனுப்பினாள். அதுவரை சேர்ந்திருந்ததையெல்லாம் அழித்தாள். தாலந்த் ஓடிவந்து அவள் கணினியைப் பிடுங்கியபோது வேலை முடிந்திருந்தது.

அந்த வாரமே அரசு அஷூவையும் முடக்கியது. உதவாததை யார் வைத்திருப்பார்கள்? ஆய்ஜமால் தனி வீடு பார்த்துக்கொண்டாள். புருல்சுனைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னாள். ஆசிரியை கதவை முழுதாகத் திறக்கவில்லை. "போன நகலெல்லாம் அவங்க கையிலதான இருக்கு? நீ இங்க அழிச்சு எனக்கென்ன?" என்று கேட்டுவிட்டுச் சாத்திக்கொண்டார்.

இலையுதிர் காலத்தில் தாலந்த் வேறு பெயரில் அதே மாதிரிப் புது நிறுவனம் தொடங்கினான். மாமனாரின் நினைவு விருந்தில், மாமியாரின் கைபேசியில் அதன் செயலிச் சின்னத்தைக் கண்ட ஆய்ஜமால், அவன் எதிரிலேயே அதை நீக்கினாள்.

தாலந்த் வாயைத் திறக்குமுன் மாமியார் கையை நீட்டினார். "மறுபடி போட்டுக் குடும்மா. அது இல்லேன்னா வெளிநாட்டுல இருக்கிற என் மக முகத்தப் போன்ல பாக்க முடியல. நான் என்ன பேசறேன்னு எவன் கேட்டா என்ன?"

ஆய்ஜமால் கைபேசியைத் திருப்பித் தந்தாள். செயலியைப் போட்டுத் தரவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். பின்னால் தாலந்த், "குடும்மா, நான் போட்டுத் தரேன்" என்று அம்மாவிடம் சொல்வது கேட்டது.