மூன்றாவது மிஸ்ஸிங்

காணாமல் போன சின்னவன், மூன்று வருடம் ஏழு மாதம் கழித்து, செயின் வண்டியின் நாசிலைக் கழற்றிய நேரத்தில் வீடு திரும்பினான். கையில் ரேடியேட்டர் ஹோஸ் இருந்தது. அதை வாங்கத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கடைக்குப் போயிருந்தான். கடைக்காரர் ஹோஸைக் கொடுத்தது உண்மை, அவன் படியிறங்கியதும் உண்மை. அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஸ்டேஷனில் ஆள் மிஸ்ஸிங் என்று எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதே செவ்வாய், அதே பத்தரைக்கு வண்டியும் வெள்ளைப் புகை கக்கிக் குலுங்க ஆரம்பித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

செயின் வண்டி என்றால் டயருக்குப் பதிலாக இரும்புப் பட்டையில் ஊரும் பழைய டிராக்டர். மேடு பள்ளம் நிரவுவதற்கு அந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான். மூன்று சிலிண்டர். அப்பா ஏலத்தில் எடுத்து, இன்ஜினை முழுக்கப் பிரித்துத் தன் கையாலேயே பூட்டினார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலை இறுக்கும்போது, முதலாவது வீட்டுக்காரி, இரண்டாவது பெரியவன், மூன்றாவது சின்னவன் என்று பேர் வைத்தார். "அப்ப உங்களுக்கு?" என்று மனைவி கேட்டதற்கு, "ஓட்டுறவனுக்கு எதுக்குடி சிலிண்டர்?" என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், மனுஷன் இருக்கவில்லை. அடுத்த வருடமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பேர் மட்டும் இன்ஜினில் தங்கிவிட்டது.

பெரியவன் அந்த மூன்றரை வருடமும் வண்டியைக் குலுங்கக் குலுங்கவே ஓட்டினான். தம்பியைத் தேடுவதற்கே நேரம் போதவில்லை, இதில் இன்ஜினை யார் பார்ப்பது. கடைசியில் இழுவை சுத்தமாக விட்டுப்போன பிறகுதான் 'காது' என்கிற மெக்கானிக்கைக் கூட்டி வந்தான். ஸ்குரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கோளாறைச் சொல்வதால் அவருக்கு அந்தப் பேர். கேட்டுவிட்டு, "மிஸ்ஸிங் அடிக்குது. எதுன்னு பாத்துருவோம்" என்றார். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஓடுகிற இன்ஜினில் டீசல் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். நல்ல சிலிண்டரென்றால் சத்தம் மாறும், செத்த சிலிண்டரென்றால் மாறாது.

முதல் நட்டைத் தளர்த்தினார். சத்தம் மாறியது. சமையலறையிலிருந்து, பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்று திட்டிக்கொண்டிருந்த அம்மாவின் குரல் பாதிச் சொல்லில் நின்றது. நட்டை இறுக்கியதும் மீதிச் சொல் வந்தது. இரண்டாவதைத் தளர்த்தியபோது, பக்கத்தில் டார்ச் அடித்துக்கொண்டிருந்த பெரியவனைக் காணோம். டார்ச் மண்ணில் கிடந்தது. மறுபடி இறுக்கினால், அவன் அதே இடத்தில் நின்று வெறும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது அவனை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார், ஆனாலும் தொழில்காரர் பாதியில் விட மாட்டார். மூன்றாவதைத் தளர்த்தினார். ஒன்றும் மாறவில்லை.

"மூணாவதுதான் மிஸ்ஸிங்" என்று சத்தமாகச் சொன்னார். அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

"யாரு மிஸ்ஸிங்?"

"மூணாவதுதான், அக்கா."

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "அத சரி பண்ணு தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். புருஷன் வைத்த பேர் அவளுக்கு மறக்கவில்லை.

கோளாறு நாசிலிலா, சிலிண்டரிலா என்று தெரிய எல்லா மெக்கானிக்கும் செய்வதைத்தான் காதும் செய்தார். இன்ஜினை நிறுத்தி, இரண்டாவது நாசிலையும் மூன்றாவது நாசிலையும் இடம் மாற்றிப் பூட்டுவதற்காகக் கழற்றிச் சாக்கு மேல் வைத்தார். வைத்த கையோடு கேட் திறந்தது. "என்னம்மா இது, காலைல போனவன் வர்றதுக்குள்ள இப்படி நரைச்சுப் போயிருக்க?" என்று கேட்டபடி சின்னவன் ஹோஸை நீட்டினான். அம்மா அவனை அடித்தாளா கட்டிக்கொண்டாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, இரண்டும் நடந்தது. பெரியவனும் தம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை போல அழுதான். இந்தச் சந்தோஷத்தில் காதும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, மூன்றாவதிலிருந்த கெட்ட நாசிலை இரண்டாவதில் போட்டு இறுக்கினார். பாவி மனுஷன், பழக்கதோஷம். சின்னவனின் தோளில் இருந்த அண்ணன் கை இல்லாமல் போனது. கோளாறு நாசிலில்தான் என்பது உறுதியானது.

அதற்குப் பிறகு செய்யாதது ஒன்றுமில்லை. அந்த அளவு நாசில் உலகத்தில் எங்கும் வருவதில்லை, செய்த கம்பெனியே இல்லை. லேத்துக்காரர் கடைந்து கொடுத்ததைப் போட்டதும் வீட்டிலிருந்தவர்களுக்கு மூக்கில் ரத்தம் கொட்டியது, கழற்றியதும் நின்றது. கெட்டதை வெளியிலேயே வைத்துவிட்டால் என்ன என்று ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். மூன்று பேரும் முற்றத்தில் இருந்தார்கள். அரை மணி நேரத்தில் மூவருக்கும் விரல் சில்லிட்டது, முக்கால் மணியில் நிழல் வெளுத்துக்கொண்டே வந்தது. இதற்கெல்லாம் விளக்கம் கேட்டால் சொல்ல ஆளில்லை. வண்டியை விற்றுத் தொலைக்க வேண்டியதுதானே என்று சுலபமாகக் கேட்டவர்கள் உண்டு. வீட்டு ஆட்கள் மூன்று பேரையும் பழைய இரும்புக்குப் போட யாருக்கு மனசு வரும்?

ஆகவே கெட்ட நாசில் யாருடைய சிலிண்டரில் இருப்பது என்று முறை வைத்துக்கொண்டார்கள். நான்கு மாதம் பெரியவன், நான்கு மாதம் சின்னவன், நான்கு மாதம் அம்மா. போய் வந்தவர்களுக்கு எங்கே இருந்தோம் என்பது தெரியாது, தாடிகூட வளர்ந்திருக்காது. தன் முறை முடிந்து வரும்போதெல்லாம் அம்மா, "ரெண்டு பேரும் சேந்து சாப்பிட்டீங்களாடா?" என்று கேட்பாள். சாப்பிட்டோம் என்பார்கள். அவள் இருக்கும்போது ஒருவன் இருக்க மாட்டான், இரண்டு பேரும் இருக்கும்போது அவள் இருக்க மாட்டாள். பெற்றவளுக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்? 

முறை மாற்றுகிற நாளில் நாசில் வெளியே இருக்கிற நேரம் மட்டும்தான் அவளுக்கு இரண்டு பிள்ளைகளும். கைதேர்ந்தவர் பத்தே நிமிடத்தில் முடிக்கிற வேலை அது. காது அன்றைக்கு மட்டும் வாஷரை மூன்று தடவை துடைப்பார், ஸ்பேனரை எங்கேயோ வைத்துவிட்டதாகத் தேடுவார், டீ கேட்பார். அம்மா பிள்ளைகளைச் செயின் பட்டை மேல் அருகருகே உட்காரவைத்து, ஒருவனை முடி வெட்டவில்லை என்றும், மற்றவனைச் செருப்பைத் தேய்த்து நடக்கிறான் என்றும் திட்டிக்கொண்டே இருப்பாள். திட்டும்போது இரண்டு பேரின் கையும் அவள் கைக்குள் இருக்கும்.

நேரம் ஆகிவிட்டது என்று காது ஒருநாளும் சொன்னதில்லை. சொல்வது அவள்தான்.

"போதும் தம்பி. பசங்க கை சில்லுனு ஆகுது. இறுக்கு."

காது இறுக்குவார். வண்டி குலுங்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பும். இப்போதெல்லாம் அந்தத் தெருவில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.