நிலம் ஆடினால் மட்டும்

நிலநடுக்க அலுவலகத்தில் அவருக்குச் 'சராசரி' என்று பட்டப்பெயர். நாட்டை நெடுக அறுத்துக்கொண்டு போகும் பெரிய நிலப்பிளவு எங்கே, எத்தனை ஆண்டுக்கொரு முறை குலுங்குகிறது என்று கணக்குப் போட்டே தலை நரைத்த மனிதர். "நூறு வருஷத்துக்கு ஒண்ணுன்னா, நூறாவது வருஷம் வந்து கதவைத் தட்டும்னு அர்த்தமில்லப்பா" என்று கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார்.

இத்தனை விவரம் தெரிந்தவருக்கு, கோபத்தில் வந்த வார்த்தையை எப்படி எடுத்துக்கொள்வது என்று மட்டும் தெரியவில்லை. மனைவி ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியபோது இவர் அலுவலகத்தில் பின்னதிர்வுகளை எண்ணிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பிய மகள் வாசலில் திரும்பி நின்றாள். "நிலம் ஆடினாத்தானே உங்களுக்கு மனுஷங்க ஞாபகம் வரும்? எங்க ஊர்ல ஆடினா மட்டும் கூப்பிடுங்க" என்றாள். வேறு அப்பாவாக இருந்தால் மறுநாளே கூப்பிட்டு நாலு திட்டு வாங்கிக்கொண்டிருப்பார். இந்த மகானுபாவர் அதை நிபந்தனையாகவே எடுத்துக்கொண்டார்.

மகளின் ஊர் பிளவின் மேலேயே இருந்தது. ஆனால் அந்தப் பகுதி கல்லுளிமங்கனாட்டம் அசையாமல் கிடந்தது. வடக்கே ஆடியது, தெற்கே ஆடியது. வருடம் இரண்டு ஓடிவிட்டது. அங்கிருந்து வந்ததெல்லாம் குவாரி வெடி மட்டும்தான். நிலநடுக்கமென்றால் அதிர்வைப் பதியும் கோடு சில கருவியில் முதலில் மேலே ஏறும், சிலதில் கீழே இறங்கும்; வெடியென்றால் எல்லாக் கருவியிலும் மேலேதான் ஏறும், பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். நிலநடுக்கப் பட்டியலில் விட்டுவைத்தால் கணக்கே கெட்டுப்போகும் என்று மதியம்தோறும் அதை அழிப்பார். அழித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். வீட்டுக்குப் போனாலும் அதே தனிமைதான். பெற்ற பெண் இருக்கும் ஊர் ஒரு தரம் ஆடினால் என்ன என்று ஒருநாள் மனசு கேட்டது. சீ, நானெல்லாம் ஒரு தகப்பனா என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

அன்று மதியமும் எல்லாக் கருவியிலும் கோடு மேலே ஏறியது. அழிக்கக் கை வரவில்லை. போனை எடுத்தார்.

"அப்பா?"

"ஒண்ணுமில்லம்மா... உங்க ஊர்ல ஆடுச்சான்னு கேக்கத்தான்."

"அது குவாரி வெடிப்பா. உங்களுக்கா தெரியாது?"

"தெரியும்" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், வேறென்ன செய்வார்?

"தினமும் வெடிக்குதேப்பா" என்றாள் மகள். "ஒரு நாளாவது கூப்பிடக் கூடாதா?"