பெண் விசாரிக்க வந்த போன்

எங்கள் தொழிற்சாலையில் தண்ணீர் பம்புகள் தயாரிக்கிறோம். பம்பின் வரைபடங்களையும் இயந்திரங்களை ஓட்டும் கம்ப்யூட்டர்களையும் வெளியாள் தொடாமல் காப்பது என் வேலை. யாரையும் நம்பாதே, எதையும் திறக்காதே என்று நாள் முழுக்கக் கத்துவதால் எனக்குப் பூட்டக்கா என்று பெயர். வைத்தவன் விளங்கவே மாட்டான்.

எங்களிடம் பம்ப் வாங்கும் பெரிய கம்பெனி ஒரு சோதனைக்காரரை ஏவிவிட்டது. திருடனைப் போல உள்ளே நுழைந்து காட்டுவதுதான் அவர் தொழில். நாங்கள் தேறாவிட்டால் ஆர்டரும் போகும், என் வேலையும் போகும் என்று முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

நான் அசரவில்லை. ஈ, எறும்பு நுழையாதபடி எல்லாவற்றையும் இறுக்கி வைத்திருந்தேன். ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால், என் நாற்காலியில் ஒரு மனிதர் உட்கார்ந்து எங்கள் வரைபடங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்!

"வாங்க மேடம், உக்காருங்க" என்றார். என் அறையில், என்னையே!

எப்படி நுழைந்தார் என்று முதலாளி கேட்க, அந்தச் சோதனைக்காரர் ரிசப்ஷன் அக்காவிடம் தான் பேசிய போன் பதிவைப் போட்டுக் காட்டினார்.

"உங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்கற பொண்ணை எங்க அண்ணன் பையனுக்குக் கேக்கலாம்னு இருக்கோம். பொண்ணு எப்படிங்க?"

அவ்வளவுதான். மடை திறந்துகொண்டது.

"தங்கமான பொண்ணுங்க! அவ ரூமைப் பாத்தாலே குணம் தெரிஞ்சிடும். நேர்ல வாங்க, மாத்து சாவி என்கிட்டதான் இருக்கு, திறந்து உக்கார வைக்கிறேன்."

அடுத்து ஸ்டோர் அண்ணன் போனைப் பிடுங்கியிருக்கிறார்.

"கோவம் கொஞ்சம் வரும்ங்க, மறைக்க மாட்டேன். ஆனா மூளைன்னா மூளை! இந்த மாசம் ஸ்டோர் கம்ப்யூட்டருக்கு என்ன பாஸ்வேர்டு வச்சிருக்கா தெரியுமா? எழுதிக்குங்க, அசந்துடுவீங்க."

எழுத்து எழுத்தாகச் சொல்லியிருக்கிறார் மனிதர்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். இவர்கள் இரண்டே உண்மையைச் சொல்லி என் வேலைக்கு உலை வைத்துவிட்டார்கள். திட்டலாம் என்று திரும்பினால் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்போ மாப்பிள்ளையும் பொய்யா?"

எனக்குக் கல்யாண ஆசையே இல்லை என்று முப்பத்தாறு வயதில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பச்சைப் பொய். அந்த நிமிஷம் எனக்கும் அழுகை முட்டியது.

மாதக் கடைசிக்குள் இன்னொரு முறை முயன்று பார்ப்பதாகச் சோதனைக்காரர் சொன்னார். அதுதான் கடைசி வாய்ப்பு என்றார் முதலாளி. நான் மாற்றுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, எல்லோரையும் நிற்க வைத்துக் கத்தினேன்.

"என்னைப் பத்தி யார் கேட்டாலும் மூச்சு விடக் கூடாது. மாப்பிள்ளையோட அம்மாவே அழுதாலும் சரி!"

சொன்னபடியே செய்தார்கள். மாதக் கடைசியில் சோதனைக்காரர் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"கூரியர்னு கேட்டேன், பேங்க்னு கேட்டேன், மறுபடி கல்யாணம்னும் கேட்டேன். மூணு போனுக்கும் உங்க ரிசப்ஷன்ல வாயே திறக்கலை. தேறிட்டீங்க."

முதலாளி சிரித்தே விட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரிசப்ஷன் அக்கா மட்டும் விரல் விட்டு எண்ணினார்.

"மூணா? நாலு வந்துச்சே சார்."

"நான் பண்ணது மூணுதாங்க."

அக்கா முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ! நேத்து ஒரு அம்மா அவங்க தம்பிக்குப் பொண்ணு கேட்டாங்களே! அப்படி ஒருத்தி இங்க இல்லவே இல்லை, இருந்தாலும் உங்களுக்குச் சரிப்பட்டு வர மாட்டான்னு சொல்லி டொக்குனு வச்சுட்டேன்!"

"அடப் பாவமே" என்றார் ஸ்டோர் அண்ணன்.

வெட்கமாவது மானமாவது! ரிசப்ஷன் போனில் அந்த நம்பரைத் தேடி எடுத்து, என் செல்லிலிருந்து நானே கூப்பிட்டேன்.

"வணக்கங்க. நேத்து நீங்க விசாரிச்ச பொண்ணு நான்தான்."

"நீங்கதான்னு நான் எப்படி நம்பறது?" என்றது மறுமுனை. "முன்னப் பின்ன தெரியாத நம்பர்ல யார் பேசினாலும் நாங்க நம்பறதில்லை. போனை வைங்க. ஆபீஸ் நம்பர் என்கிட்ட இருக்கு, அதுக்கு நானே கூப்பிடறேன்."

பத்து வருஷமாக இந்தக் கூரைக்குக் கீழே நான் தொண்டை வற்றக் கத்தியும் ஒருவர் மண்டையிலும் ஏறாத பாடம்! வாழ்க்கைப்பட்டால் இந்த வீட்டில்தான் என்று நின்ற இடத்திலேயே முடிவு செய்தேன்.

ரிசப்ஷன் போன் அடித்தது. அக்கா அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, பயந்து போய் என்னைப் பார்த்தார்.

"நீ இருக்கேன்னு சொல்லட்டா, இல்லைன்னு சொல்லட்டா?"