இடைத்தேர்தல் குழாய்கள்

எம்.பி. யாராவது செத்தால்தான் கெனிங்காவ் மலையடியில் இருக்கும் அந்த ஊருக்குத் தண்ணீர்க் குழாய் வரும். போன இடைத்தேர்தலுக்கும் இப்படித்தான் கட்சிக்காரர்கள் சாலையோரம் அடுக்கினார்கள். ஓட்டுப் பெட்டியை மூடிய கையோடு லாரி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. கிழவர் குன்சாலமின் மனைவி இன்னமும் ஓடையிலிருந்துதான் தண்ணீர் சுமக்கிறாள்.

இந்தத் தடவையும் குழாய்களை அடுக்கிவிட்டார்கள். ஓட்டுப் போடும் நாள் விடிந்ததும் குன்சாலம் எருமையைச் சக்கரமில்லாத சறுக்குவண்டியில் பூட்டினார். ஊரே வரிசையில் நிற்க, அவர் மட்டும் குழாய்களை மேட்டு ஓடைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

கட்சிக்காரன் ஜெப்ரின் ஓடி வந்தான். "மாமா, ஓட்டுப் போடாம என்ன பண்றீங்க?"

"அடப் போடா! எத்தனை ஓட்டுப் போட்டும் என் வீட்டுல ஒரு சொட்டு ஒழுகலியே."

சாயங்காலம் ஜெப்ரினோடு லாரி வந்தது. "குழாயெல்லாம் எங்க, பெரியவரே?" என்று டிரைவர் கத்தினான்.

"பாதி மண்ணுக்குள்ள போயிருச்சு. மீதி ஓடையில கெடக்கு. குழாய் ஊருக்குத்தான்னு ஓட்டுக் கேட்டு வந்த உங்காளு மைக்குல கத்துனாரே, பொய்யா? பொய்யின்னா ஊரைக் கூட்டிச் சொல்லச் சொல்லு, நானே தோண்டித் தரேன்."

டிரைவர் ஜெப்ரினைப் பார்த்தான். ஜெப்ரின் தரையைப் பார்த்தான்.

லாரி காலியாகத் திரும்பியது. குன்சாலம் ஒரு கெட்ட வார்த்தையை அதன் பின்னால் எறிந்துவிட்டு, எருமையைக் குளிப்பாட்டப் போனார்.