கார்மேலோவின் கைக்குட்டை

கார்மேலோ சிவப்புக் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்ததை சபாத்தோ பார்த்தான். நன்றாகவே பார்த்தான். திருவிழாவுக்காக ஆட்கள் தோளில் தூக்கிவரும் மரக் கோபுரத்தின் மேடையில் வெள்ளைக் கோட்டும் கையில் மைக்குமாக நின்றவனுக்கு, எதிரே பின்னோக்கி நடந்தபடி தூக்குகிறவர்களை வழிநடத்திக்கொண்டிருந்த தலைவன் தெரியாமல் போக, கண்ணில் ஒன்றும் கோளாறு இல்லை. கழுத்தைத் துடைத்தால் அந்த அடியோடு பாட்டை முடி என்று அர்த்தம். தலைவனுக்கும் பாடகனுக்கும் மட்டும் தெரிந்த சைகை அது. கோபுரத்தை இறக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால் தோள்கள் அப்போதே தளர்ந்துவிடும். அதனால் கீழே இருப்பவர்களுக்கு அதைச் சொல்வதில்லை. அவர்கள் பாட்டின் கடைசித் தாளத்துக்காகக் காத்திருப்பார்கள். அது விழுந்ததும் நூறு பேரும் ஒன்றாக முழங்கால் மடித்து இறக்குவார்கள். ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்தினால், ஐந்து மாடி உயர மரமும் காகிதப் பூவும் உச்சியில் நிற்கிற புனிதரின் சுரூபமும் யார் வீட்டு மாடியில் போய்ச் சாயும் என்று சொல்ல முடியாது. இருபது வருஷமாக அங்கே நின்று பாடுகிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சபாத்தோ கண்ணை மூடிக்கொண்டான். உருகிப் பாடுகிறவன் போல முகத்தைச் சுருக்கி, கடைசி அடியை மறுபடி முதலிலிருந்து எடுத்தான்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ரோஷம்தான். இந்த வருஷம் இத்தாலியர் தெருவின் திருவிழாக் கமிட்டி அவனுக்குக் காலை நேரத் தூக்கலை மட்டும் ஒதுக்கியிருந்தது. சாயங்காலத் தூக்கல்தான் தூக்கல். நியூ ஜெர்சியில் பாதி அப்போது இந்தத் தெருவில்தான் நிற்கும். அதற்கு பிலடெல்பியாவிலிருந்து தாரியோ என்று ஒரு இளம் பாடகனைக் கூட்டி வந்திருந்தார்கள். “வெயில்ல உங்களுக்கு எதுக்கு சிரமம்” என்று கமிட்டிக்காரர்கள் அக்கறையாகச் சொன்னபோதே சபாத்தோவுக்குச் சுருக்கென்று தைத்தது. காலையில் பாட்டைத் தொடங்கும்போது கேட்க ஆள் யார்? சாசேஜ் வறுக்கிறவர்களும் குடை விரிக்கிறவர்களும்தான். ஆனால் இரண்டாவது அடியிலேயே குரல் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்தது. மாடிகளில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள், செல்போன்கள் உயர்ந்தன. எலுமிச்சை ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில் அந்த தாரியோவே வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நேரம் பார்த்துத்தான் கார்மேலோ கழுத்தைத் துடைத்தான். இன்னும் ஒரே ஒரு தடவை என்று சபாத்தோ நினைத்துக்கொண்டான். பாடகன் போகிற வழியில்தானே வாத்தியம் போகும், அக்கார்டியனும் எக்காளமும் பின்னாலேயே வந்தன.

மேடைக்கு நேர் கீழே, உள்வரிசையில், அவனுடைய அண்ணன் அனியெல்லோ இருந்தான். உனக்குத் தொண்டை, அவனுக்குத் தோள் என்று அம்மா சின்ன வயதிலேயே பங்கு பிரித்துவிட்டிருந்தாள். அனியெல்லோ பள்ளிக்கூடம் முடித்த வருஷம் கோபுரத்தைத் தாங்கும் கட்டைக்கு அடியில் போனவன். தலை நரைத்தும் இடம் மாறவில்லை. கடைசி அடி இரண்டாம் முறை பாதி ஏறியபோது மேடை ஒரு பக்கமாகக் குலுங்கியது. மைக் சபாத்தோவின் பல்லில் இடித்தது. பாட்டு அறுந்தது. கார்மேலோ கத்த, முன்பக்கம் இறங்கி, பின்பக்கம் தடுமாறி, கோபுரம் ஒருமுறை ஆடியது. காகிதப் பூக்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. பிறகு கோபுரம் தன் கால்களில் நின்றது. கீழேயிருந்து ஒரே ஒரு ஆளைத்தான் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள்.

“என்ன அனியெல்லோ, அது முட்டியா, வெந்த ஸ்பகெட்டியா?” என்று ஒருவன் கேட்டான். பயம் தெளிந்தவர்கள் எல்லாரும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். “பாஸ்தாவைக் குறைன்னு சொன்னா கேட்டாத்தானே” என்றான் இன்னொருவன். அனியெல்லோவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, யாரும் கேட்பதற்கு முன்னால், பெயர் தைத்த தன் தொப்பியைக் கழற்றி கார்மேலோவிடம் நீட்டினான். கோபுரத்துக்கு அடியில் பாரம் தாங்காமல் முட்டி மடங்கி விழுந்தவன் மறுபடி தூக்கக் கூடாது என்பது வழக்கம். அவன் தொப்பி கோயில் மண்டபத்துச் சுவரில், ஓய்ந்தவர்களும் செத்தவர்களும் விட்டுப்போன தொப்பிகளோடு ஆணியில் தொங்கும். கார்மேலோ அதை வாங்கும்போது மேடையை நிமிர்ந்து பார்த்தான். சபாத்தோ மைக் வயரைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தான்.

கோயில் மண்டபத்துக்குப் பின்னால், தண்ணீர்க் குழாயடியில், கார்மேலோ அவனைப் பிடித்தான்.

“கழுத்தைத் துடைச்சேன்டா.”

“வெயிலுக்குத் துடைக்கிறேன்னு நெனச்சேன்.”

“இருபது வருஷத்துல வெயிலுக்குன்னு நான் ஒருநாளாவது துடைச்சிருக்கனா?”

சபாத்தோ குழாயை இறுக்கித் திருகினான். அது சொட்டிக்கொண்டேதான் இருந்தது.

“நீ என்னையப் பாத்துட்டுத்தான் கண்ணை மூடின. அவன் தொப்பிய எங்கையால வாங்கியிருக்கேன், ஊரு முன்னாடி. நான் வாயைத் தொறந்தா நீ இந்தத் தெருவுல நடமாட முடியாது. அதனால நான் சொல்லல. சாயங்காலத்துக்குள்ள நீயே போய்ச் சொல்லிடு.” போகிற போக்கில் திரும்பி, “நல்லாத்தான் பாடின. அதுதான் எனக்கு இன்னும் வயித்தெரிச்சல்” என்றான்.

சபாத்தோ முகத்தைக் கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான். வெட்கம் முகத்தில் இருந்தால் போயிருக்கும். தெருவுக்கு வந்தால் ஆளாளுக்குத் தோளைத் தட்டினார்கள். என்ன பாட்டு, என்ன குரல், பாவம் பாதியிலே போச்சே என்றார்கள். ஒரு கிழவர் அவன் கையைப் பிடித்து முத்தமே கொடுத்துவிட்டார். போதாததற்கு தாரியோ தேடிக்கொண்டு வந்தான். “அண்ணே, சாயங்காலம் நீங்க பாடுங்க. கமிட்டிட்ட நான் சொல்லிட்டேன். உங்களுக்கு அப்படி நடந்தது எனக்கே மனசு கேக்கல” என்றான். அவன் முகத்தில் கள்ளம் ஏதாவது தெரிகிறதா என்று சபாத்தோ ஆசையாகத் தேடிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. செய்த தப்புக்குச் சம்பளமாக, கேட்டுக் கிடைக்காத சாயங்காலமும் கைக்கு வருகிறது.

அனியெல்லோ ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வீங்கிய முட்டியின் மேல் ஐஸ்கட்டிப் பை. அவன் மனைவி லொரெட்டா காகிதத் தட்டால் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். தொப்பி இல்லாத தலை வெளுத்து, யாரோ அந்நியர் தலை போல இருந்தது. நேராகப் போய் முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் சபாத்தோ வந்தான். ஆனால் அண்ணன் முந்திக்கொண்டான்.

“உன் பாட்டைக் கெடுத்துட்டேன்டா.”

“அண்ணே...”

“கீழ இருந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். அப்படி நீ பாடி நான் கேட்டதே இல்ல. இன்னும் கொஞ்சம் தாங்கு, இன்னும் கொஞ்சம் தாங்கு, தம்பி முடிச்சிடட்டும்னு முட்டிகிட்டக் கெஞ்சுறேன். கேக்கல சனியன்.” அவன் கண் கலங்கியது. “மன்னிச்சிக்கடா.”

“இதையே காலைலேருந்து பொலம்பிக்கிட்டிருக்காரு தம்பி, நீங்களாவது சொல்லுங்க” என்றாள் லொரெட்டா.

சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்துவிட்டது. நேரே வராமல், பயந்தாங்கொள்ளிக்கு வருகிற மாதிரி, சுற்றிக்கொண்டு வேறொன்றாக வெளியே வந்தது. “சாயங்காலம் உன் எடத்துல நான் தூக்குறேன்ணே” என்றான் சபாத்தோ.

அனியெல்லோ அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு அழுகையும் சிரிப்புமாக, மடியில் கிடந்த துண்டை நான்காக மடித்து, தம்பியின் தோளில் வைத்து, அக்குளுக்குக் கீழே கொண்டுபோய் முடிச்சுப் போட்டான். அது காலையில் அவன் தோளில் இருந்த துண்டு, இன்னும் ஈரம் காயவில்லை. “அந்தக் கோட்டையாவது கழட்டுங்க தம்பி, நல்ல துணி” என்று லொரெட்டா சொன்னாள். சபாத்தோவுக்குக் காதில் விழவில்லை.

பாடகன் தூக்கப் போகிறான் என்ற செய்தி தெருக்கோடிவரை ஓடிவிட்டது. கைதட்டினார்கள். அண்ணன் மேல் என்ன பாசம் பார் என்று ஒரு பெண் தன் பிள்ளைக்குக் காட்டினாள். கார்மேலோ அவனைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், குனிந்து போக வழிவிட்டான். அதற்குப் பதில் கன்னத்தில் ஒரு அறை விட்டிருக்கலாம்.

மேடைக்கு அடியில் இருட்டாக இருந்தது. முன்னால் நிற்கிறவனின் பிடரி மட்டும்தான் தெரியும். கார்மேலோவும் தெரியவில்லை, பாடகனும் தெரியவில்லை. தூக்கு என்ற சத்தம் வந்தது, கட்டை தோளில் இறங்கியது, ஒரு கணம் தன் எலும்பு முறிந்துவிட்டது என்றே நினைத்தான். முறியவில்லை. முறிந்திருந்தால் தேவலை. மேலே தாரியோ பாடினான். இருபது வருஷம் தான் பாடிய அதே பாட்டு. அதில் இத்தனை அடிகள் இருப்பது சபாத்தோவுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்தில் ஒருவன் ஜெபம் சொல்வது போல் கெட்ட வார்த்தை முணுமுணுத்தான். கடைசி அடி வந்தது. தெரு ஆரவாரித்தது, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கத்தியது. அந்தச் சத்தம் மேலே நிற்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று அவனைவிட நன்றாக அறிந்தவர் யார்? முட்டி நடுங்கியது. முடித்துவிடு, முடித்துவிடுடா ராஜா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினான்.

தாரியோ அந்த அடியிலேயே பாட்டை முடித்தான். கடைசித் தாளம் விழுந்தது, நூறு பேரின் முழங்கால்கள் மடிந்தன, கோபுரம் சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தது. ஆரவாரம் கொஞ்சம் ஏமாற்றத்தோடு அடங்கியது. வெளியே எங்கோ கார்மேலோ கழுத்தைத் துடைத்திருக்கிறான்.

எல்லாரும் குனிந்து வெளியே போனார்கள். சபாத்தோ மட்டும் போகவில்லை. கோபுரம் இப்போது அவன் தோளில் பாரமாக இல்லை. அது தன் கால்களில் நின்றது. ஆனாலும் தோளைக் கொடுத்தபடி அங்கேயே இருந்தான். விந்தி விந்தி வருகிற ஒரு காலடி கேட்டது. அனியெல்லோ ஒற்றைக் காலை நீட்டிக்கொண்டு, அவனுக்கு முன்னால் கஷ்டப்பட்டுக் குனிந்தான்.

“பாத்தியா! நம்ம ரத்தம்டா. வெளிய வா, எல்லாரும் உன்னத்தான் கேக்குறாங்க.” சொல்லிக்கொண்டே தம்பியின் அக்குளில் இறுகிப்போன முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான்.

“அண்ணே, கார்மேலோ கழுத்தத் துடைச்சா பாட்டை முடிக்கணும்னு அர்த்தம்.”

“அப்படியா? எனக்குத் தெரியவே தெரியாதே.” அவன் நகத்தால் முடிச்சைக் கிண்டினான். “ரொம்ப இறுக்கிட்டேன் போல.”

“காலையில துடைச்சான். நான் பாத்தேன்.”

வெளியே எக்காளம் அடுத்த பாட்டுக்குச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தது. அனியெல்லோவின் விரல்கள் பாதி அவிழ்ந்த முடிச்சின் மேல் அப்படியே நின்றன.