ஒரு தடவைதான் கேட்டார்

ஹாலந்திலிருந்து ஏதாவது ஒரு சபையின் ஆட்கள் வந்து, பத்து நாள் தங்கி, சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டுப் போவது அந்த அர்மேனிய விடுதிப் பள்ளியில் வருடா வருடம் நடப்பதுதான். இந்த வருடமும் சாப்பாட்டுக் கூடத்தின் அதே சுவர். போன வருடம் வந்தவர்கள் அதில் நோவாவின் பேழையை வரைந்திருந்தார்கள். பேழைக்கு அடியில், அதற்கு முந்தைய வருடத்து யோனா இருந்தார். இப்போது எல்லாவற்றின் மேலும் வெள்ளை அடித்து, ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வரைந்துகொண்டிருந்தார்கள்.

"சுவர் வருஷா வருஷம் தடிச்சுக்கிட்டே வருது," என்றாள் சமையற்காரி சத்தேனிக். "கொஞ்ச நாள்ல பிள்ளைங்க உக்கார இடம் இருக்காது, பாரு."

அஸ்னீவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்கள் விடுதிக்கு அவள்தான் பொறுப்பு. அவள் நினைப்பெல்லாம் மொட்டைமாடியில் இருந்தது.

பள்ளி இருக்கும் பெக்கா பள்ளத்தாக்கில் நவம்பரில் மழை பிடித்துக்கொள்ளும். போன குளிர்காலத்தில் மேல்மாடி அறைகள் ஒழுகி மெத்தைகள் நனைந்தன, இரண்டு பெண்களுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மழைக்கு முன் மொட்டைமாடியில் தார் பூசாவிட்டால் மேல்மாடியைப் பூட்டிவிடுவதென்று பள்ளித் தலைவர் பாஸ்டர் நெர்செஸ் முடிவு செய்துவிட்டார். அங்கே இருக்கும் பதினொரு பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டும். மற்றவர்களுக்கு வீடு பெய்ரூத் பக்கம். ஷொகேருக்கு மட்டும் வீடு எல்லை தாண்டி அலெப்போவில். திரும்பி வந்தால் தையல் மெஷினில் தனக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவதாகவும், அதன் பிறகு பள்ளிக்கூடம் கிடையாது என்றும் அவள் அம்மா போனில் சொல்லியிருந்தாள். ஷொகேருக்குப் பதின்மூன்று வயது. கணக்கில் அவளை மிஞ்ச அந்த வகுப்பில் ஆளில்லை.

தார்ப் பூச்சு வாளிகள் யாரோ கொடுத்து ஸ்டோர் ரூமில் கிடந்தன. பூசத்தான் ஆள் இல்லை. கூலிக்காரர்கள் டாலரில் கேட்டார்கள், பள்ளியிடம் அது இல்லை.

"இவங்க பன்னெண்டு பேரும் கையில பிரஷோட நிக்கிறாங்களே, பாஸ்டர். ஒரு வார்த்தை சொன்னா..." என்று அஸ்னீவ் இழுத்தாள்.

"விருந்தாளியக் கூரைமேல ஏத்தித் தார் பூசச் சொல்றதா? ஊருக்குப் போய் நம்மளப் பத்தி என்ன பேசுவாங்க? அவங்களாக் கேட்டா பாக்கலாம்."

ஏழாம் நாள் சுவர் வேலை முடிந்தது. குழுத் தலைவர் யோஸ்ட் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். அவர் ஊரில் பஸ் ஓட்டுபவர்.

"வேற ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்டார்.

அஸ்னீவ் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ஐயையோ, ஒண்ணும் இல்லீங்க," என்றாள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "நீங்க ஏற்கெனவே ரொம்பக் களைச்சுப் போயிட்டீங்க. உக்காருங்க, காபி போடுறேன்."

"சரி, நல்லது," என்று யோஸ்ட் உட்கார்ந்தார்.

அவள் காபி கொடுத்தாள். இன்னொரு கோப்பையும் ஊற்றினாள். எதிரிலேயே நின்றாள். யோஸ்ட் தன் பஸ் போகும் பாதையைப் பற்றிச் சொன்னார், நன்றி சொன்னார், எழுந்து போய்விட்டார்.

திராட்சை இலையில் அரிசியைச் சுருட்டிக்கொண்டிருந்த சத்தேனிக் நிமிர்ந்தாள். "கேட்டாருல்ல? ஏன்டி சொல்லல?"

"முதல் தடவையே ஆமான்னா, அதுக்காகவே காத்துக்கிட்டிருந்த மாதிரி இருக்காதா?"

"காத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"அதுக்காக? இன்னொரு தடவை கேப்பாரு."

"கேக்கவே மாட்டாரு. அவங்களுக்கு இல்லைன்னா இல்லைதான். முதல் நாள் போதும்னு தட்டக் கையால மூடினாரு, நீ அவர் விரல் மேலயே கோதுமைச் சோத்த வச்ச. பாவம், அழாத குறையாத் தின்னாரு."

சாயங்காலம் செய்தி வந்தது. வேலை முடிந்துவிட்டதால் மறுநாள் பால்பெக்கில் இடிந்து கிடக்கும் பழைய ரோமானியக் கோயிலைப் பார்க்கப் போகிறார்களாம், அடுத்த நாள் தேவதாரு மரங்களை. வேன் பேசியாகிவிட்டது.

அன்று ஜெபக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் விண்ணப்பத்தைச் சொன்னபோது, அஸ்னீவ் துணிந்து வாயைத் திறந்தாள். "மேல்மாடிக் கூரைக்காக ஜெபியுங்க. மழைக்கு முன்னாடி தார் பூசணும். செய்ய ஆள் இல்ல." யோஸ்டைப் பார்த்தே சொன்னாள்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். விருந்தாளிகளில் ஆன்னெலீஸ் என்ற பெண், ஆண்டவர் ஆட்களை அனுப்ப வேண்டும் என்று கண்ணீரோடு ஜெபித்தாள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பிறகு மனநிறைவோடு தூங்கப் போனார்கள்.

காலையில் வேன் வாசலுக்கு வந்தது. தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலுமாக எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள். அஸ்னீவ் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். பிறகு ஈரக் கையோடு ஓடிப் போய் வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வேலை இருக்கு," என்றாள்.

யோஸ்ட் அவளைப் பார்த்தார். "நேத்துக் கேட்டேனே. இல்லைன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்பவும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ராத்திரி ஜெபம் பண்ணினமே, அந்தக் கூரையா?"

"அதேதான். பூச்சு ஸ்டோர்ல இருக்கு. நீங்க பூசலன்னா பதினொரு பிள்ளைங்கள நான் வீட்டுக்கு அனுப்பணும்." அவள் முகம் எரிந்தது.

யோஸ்ட் வேனுக்குள் திரும்பிப் பார்த்தார். "யாரையும் இறங்குன்னு சொல்ல மாட்டேன்," என்றார். "வருஷம் பூராக் காசு சேத்துவச்சு வந்திருக்காங்க. கேட்டுப் பாக்குறேன்."

கேட்டார். அவரோடு சேர்த்து ஆறு பேர் இறங்கினார்கள். ஆன்னெலீஸ் இறங்கவில்லை. மடியில் இருந்த கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் போயிற்று.

பாஸ்டர் நெர்செஸ் ஓடி வந்தார். "யாரு இவங்களக் கூரைமேல ஏறச் சொன்னது?"

"நான்தான், பாஸ்டர்."

அவர் தொப்பியோடு நின்ற ஆறு பேரையும் பார்த்தார். "காபியாவது குடிச்சுட்டு ஏறச் சொல்லு," என்றார்.

இரண்டு நாள் பூசினார்கள். அஸ்னீவும் பாவாடையைச் செருகிக்கொண்டு பெருக்கினாள், வாளி தூக்கினாள். மூன்றாம் நாள் மேற்கு மலைமேல் மேகம் இறங்கியது. மூன்று அறைகளின் கூரை பூசியாகிவிட்டது. நான்காவது அறைக்கும் குளியலறைக்கும் மேல் வெறும் சிமென்ட். விருந்தாளிகள் அன்று மதியமே விமான நிலையத்துக்குக் கிளம்பினார்கள். யோஸ்டின் நகக்கண்களில் தார் போகவேயில்லை.

பாஸ்டர் மாடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். "மூணு ரூம் தேறும். எட்டுக் கட்டில் போடலாம். மூணு பேர் போகட்டும்."

"பதினொண்ணும் போடலாம். அலமாரியெல்லாம் நாலாவது ரூமுக்குத் தள்ளிட்டேன்."

"நடக்க வழி இருக்காது."

"கட்டில் மேல ஏறித் தாண்டிப் போவாங்க. எனக்குப் பதினொரு பேரும் வேணும், பாஸ்டர். கேக்குறேன், தாங்க."

அவள் இப்படி நேராகக் கேட்டு அவர் பார்த்ததில்லை. தலையைச் சொறிந்தார். "சரி. யார் காலாவது உடைஞ்சா உன் பொறுப்பு."

மழை தூறத் தொடங்கியபோது ஷொகேர் போர்வையோடு அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பெட்டி கட்டித் தயாராக இருந்தது.

"அதப் பிரிச்சு வை," என்றாள் அஸ்னீவ்.

ஷொகேர் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "என் கட்டில் ஜன்னல் பக்கமா?"

"இல்ல, கதவுப் பக்கம். எந்திரிக்கும்போது பாத்து எந்திரி, தாழ்ப்பாள் தலையில இடிக்கும்."