வண்டியை நிறுத்திட்டு வருவாரு

இரண்டு பாதங்களின் உள்வளைவும் விண்விண்ணென்று தெறித்தன. முப்பத்தோரு வருடம் குடோனில் மூட்டை தூக்கியவருக்கு இடுப்பு வலி தெரியும், பிடரி வலி தெரியும், முழங்கால் வலி வீட்டு ஆள் மாதிரி. இந்த வலி புதுசு. பெருவிரலுக்குப் பின்னால் பிடித்து, கணுக்காலைச் சுற்றி ஏறி, கெண்டைச் சதையில் முடிச்சுப் போட்டுக்கொள்கிற வலி. மூன்றாம் மாடியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுப் பாதத்தை அழுத்திக்கொண்டிருந்தார். அழுத்தும்போதே வெட்கமாக இருந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரியும் மகளுமாக அவர் மனைவியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வாளியில் துணியை முக்கிப் பிழிகிற சத்தம் வந்தது.

அவர் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு பத்து. அவள் உயிர் போனது பதினொன்றே கால்.

கதவு திறந்தது. மகள் முழங்கை வரை ஈரத்தோடு வெளியே வந்தாள். பேக்கரியில் மாவு பிசைகிறவள். தோள் அப்பனுடையது, முகம் அம்மாவுடையது. கண்ணில் இன்னும் தண்ணீர் வரவில்லை.

"குடோனுக்கு போன் பண்ணேன்" என்றாள்.

அவர் பாதத்தை விட்டுவிட்டார்.

"வாட்ச்மேன் எடுத்தாரு. ஞாயித்துக்கிழமை லோடே கிடையாதாமே. நாலு மாசமா ஓவர்டைமே இல்லையாமே."

"ஆமா."

"உன் போனையும் அணைச்சு வச்சிருந்த."

"ஆமா."

"எங்க போன?"

உண்மை ஒரே வரிதான். அந்த ஒரு வரியை இந்தப் படியில் உட்கார்ந்து சொல்ல முடியவில்லை.

மகள் குனிந்தாள். அவர் தோள்பக்கம் மூக்கைக் கொண்டுவந்து நிமிர்ந்தாள். "பவுடர் வாசனை அடிக்குது. யாரு அவ?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"அம்மா மணி என்னன்னு கேட்டா. பதினொன்னுன்னேன். 'அப்ப ஒரு மணி நேரத்துல வந்துருவாரு'ன்னா. அதுதான் கடைசியாப் பேசினது." கையை உதறி ஈரத்தைச் சுவரில் தெளித்தாள். "நீ சொல்ல வேணாம். இனி எனக்கு இருக்கறது ஒரு அப்பன்தான். அவன் இப்படின்னு நான் தெரிஞ்சுக்காமலே இருந்துக்கறேன்."

கதவு சாத்திக்கொண்டது.

அவர் மனைவி ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி போட்டவள். எட்டு மணி நேரமும் நின்றே வேலை. அப்படிப்பட்டவள் ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் துணிப்பையில் ஒரு ஜோடிச் செருப்பை வைத்து எடுத்துக்கொண்டு, "டான்ஸ் கத்துக்கப் போறேன்" என்றபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த வாயோடு சிரித்துவிட்டார். டயர் கடைக்கு மேலே ஒரு ஹால். நடத்துகிறவர் ஒரு காலத்தில் சரக்குக் கப்பலில் சமையல் செய்தவர், இப்போது கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவர். எல்லோருக்கும் அவர் 'கப்பல்'. அர்ஜென்டினாவில் துறைமுகம் துறைமுகமாகச் சரக்கு ஏற்றக் காத்துக் கிடந்த மாதங்களில் டேங்கோ கற்றுக்கொண்டாராம். ஆணும் பெண்ணும் அணைத்துப் பிடித்துக்கொண்டு நடப்பது. குதிக்கிறது கிடையாது, கையைக் காலை வீசுகிறது கிடையாது.

"கட்டிப்பிடிச்சுக்கிட்டு நடக்கறதுக்குப் பேரு டான்ஸா? அப்ப நானும் மூட்டையும் இருபத்தஞ்சு வருஷமா ஆடிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார்.

"நீங்களும் வாங்களேன்."

"வந்து? நாள் பூரா சுமந்துட்டு, சாயங்காலம் உன்ன வேற சுமக்கவா?"

அதற்குமேல் அவள் கூப்பிடவில்லை. சனிக்கிழமைதோறும் போனாள், வந்தாள். வருகிற அன்று மட்டும் பாத்திரம் கழுவும்போது குதிகாலை லேசாகத் தூக்கி நிற்பாள். அவர் பார்த்திருக்கிறார். ஒன்றும் கேட்டதில்லை.

மனைவியை நோய்க்காகச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், நான்கு மாதத்துக்கு முன்னால், கண்டக்டரம்மா அவரிடம் ஒரு கதையைச் சொன்னாள். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவள், அவர் மனைவியோடு அதே ஹாலில் ஆடுகிறவள். பஸ்ஸில் கத்திக் கத்தி ரகசியம்கூட நாலு பேருக்குக் கேட்கிற குரலில்தான் வரும்.

"அண்ணே, மூணு வருஷத்துக்கு முன்னாடி மழையில அவளக் கூட்டிட்டுப் போக ஹாலுக்கு வந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஈர ரெயின்கோட்டோடு வாசலில் நின்றார். அவள் எதிர்ச் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்தாள். அவர், வா போகலாம் என்று தலையை அசைத்தார். அவள் சிரித்தபடி எழுந்தாள். எழுந்துவிட்டாளே என்று அவர் இறங்கிப் போய் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நின்றார். அவள் வர நெடுநேரம் ஆனது. ஹாரனை அழுத்தினார்.

"எங்க இடத்துல வாயால யாரும் ஆட வர்றியான்னு கேக்கறதில்லண்ணே. ஆம்பள தூரத்துலேர்ந்து பார்ப்பான். பொம்பளையும் பார்த்தா, தலைய அசைப்பான். அவ எழுந்துட்டா சம்மதம். அப்புறம் நாலு பாட்டு சேர்ந்து ஆடணும். நடுவுல விட்டா அது அவமானம். நீங்க தலைய அசைச்சீங்க. அவ எழுந்தா."

"நான் வீட்டுக்குப் போகத்தானே..."

"அவளுக்கு எப்படித் தெரியும்? ஹாலுக்கு நடுவுல வந்து நின்னா. சுத்தி எல்லாரும் ஆடறாங்க. முதல் பாட்டு முடிஞ்சுது. வந்து உக்காருடின்னேன். 'இல்லடி, வண்டிய நிறுத்திட்டு வருவாரு'ன்னா. ரெண்டாவது பாட்டு. மூணாவது. அப்புறம் கீழ ஹாரன் கேட்டுச்சு. பைய எடுத்துக்கிட்டுப் போய்ட்டா."

அன்றைக்கு வண்டியில் ஏறியவளைப் பார்த்து, 'ஒரு மனுஷன எவ்வளவு நேரம்டி மழையில நிக்க வைப்ப' என்று திட்டியதும் அவருக்கு ஞாபகம் இருந்தது. அவள் பதில் சொல்லவில்லை. மூன்று வருடமாகச் சொல்லவில்லை.

மறு வாரம் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, அவர் டயர் கடைக்கு மேலே ஏறிப் போய், ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்த கப்பலிடம், "நாலு பாட்டுக்கு மட்டும் சொல்லிக் குடுங்க, போதும்" என்றார்.

கண்டக்டரம்மா அவரோடு ஆடினாள். முதல் நாளே கத்தினாள். "அண்ணே, நான் மூட்டை இல்ல. தூக்காதீங்க. என் வெயிட்ட என் கால்லயே விடுங்க."

கப்பல் பின்னால் வந்து அவர் தோளை அழுத்தினார். "நெஞ்சால கேளுப்பா. அவங்க காலால பதில் சொல்வாங்க. பதில் வர்ற வரைக்கும் நில்லு. நீயே கேட்டு நீயே பதிலும் சொன்னா அது லோடு வேலை."

நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது. சுமைக்காரன் உடம்புக்கு நிற்கத் தெரியாது. தலையில் ஏறியதை இறக்கிவைக்கிற வரைக்கும் ஓடத்தான் தெரியும். இரண்டு மாதம் வெறும் நடை. அவர் முன்னால் வைக்க, கண்டக்டரம்மா பின்னால் வைக்க, ஹாலைச் சுற்றிச் சுற்றி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நடுவில் நின்று, "உங்க வீட்டம்மா இந்த எடத்துல இப்படி இல்லண்ணே. கால குறுக்க வைக்கறதுக்கு முன்னாடி அரை மூச்சு நிப்பா. நான் செஞ்சு காட்டறேன், பிடிங்க" என்றாள்.

பிடித்தார். அவர் கைக்குள் அந்த உடம்பு அரை மூச்சு நின்றது. பிறகு கால் குறுக்கே வந்தது.

அவருக்குத் தெரிந்துபோயிற்று. டம்ளரைக் கீழே வைக்கும் முன்னால், கூப்பிட்டால் 'ம்' கொட்டும் முன்னால், கதவைச் சாத்தும் முன்னால் அவளிடம் இருக்கிற நிறுத்தம். இருபத்தெட்டு வருடமாக அசமந்தம் என்று அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ" என்றார்.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். மனைவி அப்போது எழுந்து நடந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் திருப்பம் இன்னும் சரியாக வரவில்லை. அரைகுறையாகப் போய் நின்று இன்னொரு தடவை அவளைத் தலைகுனிய வைக்கக் கூடாது, இன்னும் இரண்டு வாரம், என்று நினைத்தார். இரண்டு வாரம் போனது. இன்னும் இரண்டு வாரம் என்றார். ஒரு நாள் அவளைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது, வழக்கம்போல அள்ளித் தூக்காமல், நெஞ்சோடு பிடித்து, அவள் பாதம் தரையைத் தேடிப் பிடிக்கிற வரைக்கும் நின்றார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"இப்பல்லாம் நிதானமாப் பிடிக்கறீங்களே. யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லிக் குடுப்பா? வயசாச்சு."

அந்த வாரக் கடைசியில் அவள் படுத்துவிட்டாள். அப்புறம் எழவில்லை. அதற்குப் பிறகும் அவர் போனதற்கு ஒரு நியாயமும் இல்லை. அவள் இனி ஆடப்போவதில்லை என்று தெரியும். வீட்டில் அவள் படுத்திருந்தாள். ஹாலில், கண்டக்டரம்மாவின் உடம்பில், அவள் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டிருந்தாள். இன்றைக்குக் காலையில், "இன்னிக்குப் போகாதப்பா, மூச்சு ஒரு மாதிரி இருக்கு" என்று மகள் சொன்ன பிறகும் போனது அதற்காகத்தான்.

மூன்று மணிக்குக் கண்டக்டரம்மா படியேறி வந்தாள். கதவில் நின்ற மகள் வழி விடவில்லை. மூக்கை உறிஞ்சினாள். பவுடர்.

"நீங்கதானா?"

"என்னடி நான்தானா?"

"பதினொன்னேகாலுக்கு எங்க அப்பா உங்ககூட இருந்தாரா?"

கண்டக்டரம்மா அவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா" என்றாள். "என்னக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு. ஹால்ல பதினோரு பேரு பார்த்துக்கிட்டிருந்தாங்க. அண்ணே, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா? நான் சொன்னா நாலு மாடிக்கும் கேக்கும்."

"நானே சொல்றேன்."

அவர் எழுந்தார். வெறுங்காலோடு மகள் முன்னால் நின்று சொன்னார். மழை, தலையசைப்பு, நாலு பாட்டு, ஹாரன். நாலு மாசமா ஞாயித்துக்கிழமை. கோர்வையாக வரவில்லை, ஹாரனை இரண்டு தடவை சொன்னார். எதிர்வீட்டுக்காரி வாளியோடு வந்தவள், திரும்பி உள்ளே போய்விட்டாள்.

மகள் கேட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில், "இத அம்மாகிட்ட சொன்னியா?" என்றாள்.

"இல்ல."

"ஏன்?"

"நல்லா வந்தப்புறம் சொல்லலாம்னு."

"நல்லா வந்துச்சா?"

கண்டக்டரம்மாதான் சொன்னாள்: "வந்துச்சுடி. இன்னிக்குத்தான்."

மகள் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, அன்றைக்கு முதல் தடவையாக அழுதாள்.

நான்கரைக்கு வேன் வந்தது. இரண்டு ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு மேலே வந்தார்கள். போர்த்திக் கட்டி எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாமல் நின்றுவிட்டது. முன்னால் தள்ளினால் கைப்பிடி இடித்தது, பின்னால் இழுத்தால் சுவர். பிரிட்ஜையே கயிறு கட்டி வெளியேதான் இறக்கிய படி அது.

"நிமித்துனாத்தான் திரும்பும் சார்" என்றான் ஒருவன். "சங்கடமா இருந்தா நீங்க கீழ போயிருங்க."

"கட்ட அவிழுங்க" என்றார்.

"ஐயா, உங்களால..."

"நான் சோறு தின்னதே இப்படித் திருப்பத்துல சரக்கத் திருப்பித்தான். அவிழுங்க."

அவிழ்த்தார்கள். அவளை நிமிர்த்தி அவர் நெஞ்சின்மேல் சாய்த்தார்கள். விறைத்துப்போயிருந்தாள். நெற்றி அவர் தாடையில் பட்டது; எதிர்வீட்டுக்காரி வாரிவிட்ட முடி ஈரமாக இருந்தது. வலது கை முதுகைச் சுற்றிப் போய்த் தானாக நின்ற இடம், கப்பல் நூறு தடவை திருத்திய இடம். மூட்டை அறுபது கிலோ. இது முப்பத்தைந்துகூட இருக்காது.

ஒரு படி இறங்கினார். நின்றார்.

வேன் ஆட்கள் பார்த்தார்கள். அவர் அடுத்த படிக்குப் போகவில்லை. அரை மூச்சு. இன்னொரு அரை மூச்சு. எடை முழுக்க அவர் மேலேயே இருந்தது.

"அண்ணே" என்றாள் கண்டக்டரம்மா, மேலிருந்து, யாருக்கும் கேட்காத குரலில். "போங்கண்ணே."

போனார். திருப்பம் தாண்டியதும் ஸ்ட்ரெச்சரில் இறக்கி வைத்தார். விலகியிருந்த போர்வையை மகள் இழுத்துச் சரிசெய்தாள்.

வேனில் பக்கவாட்டு பெஞ்சில் அவரும் மகளும் உட்கார்ந்தார்கள். கண்டக்டரம்மா அவருடைய ஷூவைக் கொண்டுவந்து காலடியில் போட்டுவிட்டுக் கதவைத் தள்ளி மூடினாள். வண்டி சந்திலிருந்து பின்னால் வந்து, திரும்பி, பெரிய சாலையைப் பிடித்தது. முதல் சிக்னலில் சிவப்பு.

"நாலு பாட்டுன்னா எவ்வளவு நேரம் வரும்ப்பா?" என்றாள் மகள்.

"பன்னெண்டு நிமிஷம்."

முன்னால் நின்ற லாரியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பச்சை விழுந்தது.

"உங்கம்மாவுக்கு நான் பன்னெண்டு நிமிஷம் பாக்கி தரணும்" என்றார். குனிந்து ஷூவை மாட்டத் தொடங்கினார்.